முன்னால ஓடியாறவன் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், டிவியில் டென்னிஸ் பார்ப்பதையே விட்டுவிட்டேன், அந்தக் காலம் மாதிரி இப்போது இல்லை என்று எழுதியிருந்தார். பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்கு அவரோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

நான் டென்னிஸ் பார்க்க ஆரம்பித்தது உடுமலைப் பக்கம் மாமன் வீட்டில். ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டிவி. படம் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வர வேண்டும். விம்பிள்டன் பைனலோ ஜூலையில், எங்கள் பக்கம் ஆனிக் காற்று சுழற்றி அடிக்கிற நேரம். காற்று ஒரு தள்ளு தள்ளினால் அண்டெனா திரும்பிக்கொள்ளும். மாமன் ஓட்டு மேல் ஏறிக் குழாயைத் திருக, நான் ஜன்னலில் நின்று "இன்னுங் கொஞ்சம்ங் மாமா... போச்சு போச்சு, பழையபடி திருப்புங்" என்று கத்த, 1990 பைனலில் பாதி செட் இப்படியே போய்விட்டது. எட்பெர்க் முதல் இரண்டு செட்டை 6-2, 6-2 என்று எடுக்க, பெக்கர் அடுத்த இரண்டை 6-3, 6-3 என்று வாங்க, கடைசி செட் 6-4 எட்பெர்க்குக்கு. அப்புச்சிக்கு இந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. பதினைந்து, முப்பது வரைக்கும் சரி, அப்புறம் ஏன் நாற்பத்தைந்து வராமல் நாற்பது வருகிறது என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை (எனக்கும்தான்). ஆனால் பத்து நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிட்டார். எட்பெர்க் "பூனையாட்ட முன்னால ஓடியாறவன்". பெக்கர் "உழுந்து எந்திரிக்கறவன்". ஸ்டெஃபி கிராஃபுக்கு "நிக்காதவ". பெயர் தெரியாமல், படம் பாதி மழை பெய்துகொண்டிருக்கும்போதும் ஆட்டத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

நான் குறை என்று சொல்வது இது ஒன்றைத்தான். இன்றைக்கு உலகத் தரவரிசையில் முதல் இருபது பேரில் இரண்டு பேரை நிறுத்தி, சட்டையை மாற்றிப் போட்டு, தூரத்திலிருந்து காட்டினால் யார் எவர் என்று நம்மால் சொல்ல முடியுமா? எல்லோரும் பின்கோட்டில் நின்று இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கிறார்கள், பிரமாதமாகத்தான் அடிக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் இந்த வேகத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பக்கம் இருப்பவரும் அதையேதான் செய்கிறார். 2024 பிப்ரவரியில் ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர அடிக்கிற அடி) அடிக்கிற ஆண் ஒருவர்கூட முதல் பத்தில் இல்லாமல் போனார். இதற்கு ஆடுகிறவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 2001இல் விம்பிள்டனில் புல்லையே மாற்றினார்கள், தரை கெட்டியாகிப் பந்து நன்றாக எழும்பி வர ஆரம்பித்தது. ராக்கெட்டுக்குப் பாலியஸ்டர் நரம்பு வந்து பந்தைச் சுழற்றிக் கீழே இறக்க முடிகிறது. சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வந்தால் பந்து காலடியில் வந்து விழுகிறது, அல்லது பக்கத்தில் பறந்து போகிறது. 2001 பைனலில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் சர்வ் போட்டதும் வலைக்கு ஓடி வந்தார்கள். அடுத்த வருஷமே ஹூவிட்டும் நல்பாண்டியனும் ஆடிய பைனலில் அப்படி ஒரு பாயின்ட்டும் இல்லை.

சரி, அதற்காகப் பழையதெல்லாம் தேன் என்று அந்த வாசகர் சொல்வதை நம்பிவிட முடியாது. 1994இல் சாம்ப்ராஸ் இவானிசெவிச்சை வென்ற பைனலை அவர் பார்த்திருப்பாரா? 7-6, 7-6, 6-0. சர்வ், முடிந்தது, சர்வ், முடிந்தது. பந்து எங்கே போனது என்று கண் தேடுவதற்குள் ஆள் அடுத்த பந்துக்குத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அன்றைக்கு இரண்டாவது செட்டிலேயே டிவி ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

டிவிக்காரர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். இடம் மாறும்போது கிடைக்கிற ஒன்றரை நிமிஷத்தில் ஆடுகிறவர்களின் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள் அப்போது. 1993இல் நொவோட்னா கடைசி செட்டில் 4-1 முன்னால் இருந்து கிராஃபிடம் தோற்றாரே, பரிசளிப்பில் அழுததை எல்லோரும் சொல்வார்கள், நான் மறக்காதது அதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த முகம். இப்போது அந்த நேரத்தில் நமக்குப் பான்மசாலாவும் பெயின்டும்தான். கோட்டு நடுவர்களையும் 2025இல் விம்பிள்டனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், 147 வருஷ வழக்கம். மிஷின் "அவுட்" என்கிறது, வாயைத் திறக்க வழியில்லை. அதே வருஷம் ஒரு ஆட்டத்தில் அந்த மிஷினைத் தெரியாமல் அணைத்துவிட்டு, பாயின்ட்டைத் திரும்ப ஆட விட்ட கூத்தும் நடந்தது. பெரிய போட்டிகள் நாலில் பாரிசில் நடக்கிற பிரெஞ்சு ஓப்பனில் மட்டும் இன்னும் நடுவர் இறங்கி வந்து செம்மண்ணில் தடம் பார்க்கிறார். அதைப் பார்க்கவே நான் உட்காருவேன்.

பாரிஸ் என்றதும், 2025 ஜூன் பைனல். சின்னர் இரண்டு செட் முன்னால். நாலாவது செட்டில் 5-3, அல்காரஸ் சர்வில் 0-40, சின்னருக்கு ஒரே ஒரு பாயின்ட் வந்தால் முடிந்தது. இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. போனில் போட்டேன். போனில் ஆட்டம் அரை நிமிஷம் பிந்தி வருகிறது. நான் 0-40 பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பூரிலிருந்து அண்ணன் மகன் வாட்ஸப்பில் "அத்தை, தப்பிச்சுட்டான்!" என்கிறான். அண்டெனா ஆடின காலத்தில்கூட இப்படி யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லிக் கெடுத்ததில்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. 5 மணி 29 நிமிஷம், அல்காரஸ் ஜெயித்தபோது நம் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. இதைப் பார்க்காமல் விட்டவரிடம் டென்னிஸ் செத்துப்போச்சு என்ற பேச்சை நான் கேட்க மாட்டேன்.

கட்டிலில் மூன்றாவது செட்டிலேயே தூங்கிப்போன மாமனுக்கு நான் போட்ட சத்தத்தில் முழிப்பு வந்துவிட்டது.

"எவன் செயிச்சான் அம்மிணி?"

"அல்காரஸ்ங் மாமா."

"அவன் முன்னால ஓடியாறவனா?"

"வலைகிட்டப் பொத்துனு போட்டுட்டு அப்பறமா ஓடியாறவனுங்."

"அப்ப நாளைக்கு மறுக்காப் போடுவானுங்களான்னு பாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடுமலைப்பேட்டை