ரிசல்ட் அன்னிக்கு என் கடையில நான் பாக்குறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்காசி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல 14 வருசமா ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்திட்டு வரேன். பத்தாவது ரிசல்ட் வர்ற அன்னிக்கு காலையிலயே கடை வாசல்ல நிக்க எடம் இருக்காது, இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு, எஸ்எம்எஸ்லயே மார்க் வந்துருது, இருந்தாலும் பிரிண்ட் எடுக்கணும்னு அப்பா அம்மாவோட பிள்ளைங்க வரத்தான் செய்யுது. அங்க நடக்குறத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு.

ஒரு பிள்ளை 431 வாங்கியிருந்தா. ஸ்கிரீன்ல பாத்ததுமே வாயெல்லாம் சிரிப்பு. அவங்க அப்பா பிரிண்ட்ட கையில வாங்கிட்டு, பக்கத்துல நின்னவர்கிட்ட "உங்க பையன் எவ்வளவு"ன்னு கேட்டாரு, அவரு 467ன்னாரு. உடனே இவரு பிள்ளை பக்கம் திரும்பி "பாத்தியா"ன்னாரு. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேசல. அந்த பிள்ளை தாள வாங்கி ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா, எட்டா மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டா. ஒரு நிமிசத்துக்கு முன்னாடி வரைக்கும் அது நல்ல மார்க்குதான சார்?

2017லயே நம்ம கவர்மென்ட் பத்தாவது, பன்னெண்டாவதுக்கு ரேங்க் அறிவிக்கிறத நிறுத்திருச்சு. மாநில முதல் மாணவர், மாவட்ட முதல் மாணவர்ங்கிற பேச்சே கிடையாது. ஆனா ஊருக்குள்ள வந்து பாருங்க, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் போட்டோ போட்ட பிளக்ஸ்தான். அந்த பிளக்ஸுக்கு கீழதான் மத்த பிள்ளைங்க தினமும் சைக்கிள் ஓட்டிட்டு போகணும். 15 வயசுங்கிறது நாம யாரு, நம்மள யாராவது மதிக்கிறாங்களான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்குற வயசு, அந்த கேள்விக்கான பதில நாம பிளக்ஸ் அடிச்சு மாட்டி வச்சிருக்கோம்.

பிளக்ஸ்ல போட்டோ வந்த பிள்ளைக்கும் இது நல்லதில்லங்கிறது என் அனுபவம். என் மகன சின்ன வயசுலேர்ந்து "மூளைக்காரன், மூளைக்காரன்"னு எல்லார்கிட்டயும் நானே பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன். எட்டாவதுக்கு மேல கஷ்டமான கணக்குன்னா அவன் தொடவே மாட்டான், தப்பா போட்டா அந்த பேரு போயிரும்னு பயம். அப்புறமா நெட்ல படிச்சேன், 1998ல க்ளாடியா முல்லர், கேரல் டுவெக்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல அஞ்சாம் வகுப்பு பிள்ளைங்கள வச்சு பண்ணுன ஆராய்ச்சி. "நீ புத்திசாலி"ன்னு பாராட்டுன பிள்ளைங்க அதுக்கப்புறம் லேசான புதிரா பாத்து எடுத்தாங்களாம், "நல்லா முயற்சி பண்ணுன"ன்னு பாராட்டுன பிள்ளைங்க கஷ்டமானத எடுத்தாங்களாம். வாங்குன மார்க்க கூட்டி சொன்னவங்களும் புத்திசாலி பக்கம்தான் அதிகம். படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல. இப்பல்லாம் அவன்கிட்ட "இந்த கணக்க எப்படிடா போட்ட, சொல்லு கேப்போம்"னுதான் கேக்குறேன், பேச ஆரம்பிச்சா நிறுத்தாம பேசுறான்.

இன்னொரு பையன், கணக்குல பெயில். அவங்க அப்பா கடையில வச்சே, அத்தன பேரு முன்னாடி, எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொன்னாரு. பையன் தலைய தூக்கவே இல்ல. அந்த நேரம் பாத்து பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு, எனக்கு கூட்டத்துல கையும் ஓடல காலும் ஓடல, அவனே உள்ள வந்து பின்பக்க மூடிய தெறந்து பேப்பர கிழியாம உருவி எடுத்துட்டு ரோலர துணி வச்சு தொடச்சு விட்டான். "அண்ணாச்சி, இத எனக்கே செய்ய வராது, உங்க பையன் செஞ்சிருக்கான் பாருங்க"ன்னு அவங்க அப்பாகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. பையன் மட்டும் அப்பதான் நிமிந்து பாத்தான். அப்புறம் துணைத்தேர்வுல பாஸ் பண்ணிட்டு ஐடிஐ அப்ளிகேசன் போட என் கடைக்குத்தான் வந்தான், எலக்ட்ரீசியன் டிரேடு கேட்டு எழுதுனோம்.

பெத்தவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். மார்க்க பாத்ததும் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கேக்காதீங்க. திட்டணும்னு தோணுச்சுன்னாலும் வீட்டுக்கு போய் பேசிக்கலாம், கடைத்தெருவுல வேண்டாம்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார். ரிசல்ட் நேரத்துல உங்க பேப்பர்லயும் பள்ளிக்கூடங்களோட முழுப்பக்க விளம்பரம் வருது, அத நிறுத்துங்கன்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்ல. ஆனா ரிசல்ட்ட எப்படி பாக்குறதுன்னு முதல் பக்கத்துல போடுறீங்கள்ல, அதே கட்டத்துக்குள்ள 14416ங்கிற நம்பரையும் பெரிய எழுத்துல போடுங்க. மனசு கஷ்டமா இருந்தா ராத்திரி பகல் எந்நேரமும் காசில்லாம கூப்பிட்டு தமிழ்லயே பேசலாம், நிறைய பிள்ளைங்களுக்கு அப்படி ஒரு நம்பர் இருக்குறதே தெரியல. நான் என் கடையில மானிட்டருக்கு மேல எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர்,
தென்காசி மாவட்டம்