ஆண்டு மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். ஷெர்லி சிஸம் குறித்து என் மகள் எழுதிய கட்டுரையின் அச்சுப்படி சனிக்கிழமை கைக்கு வந்தது. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், 1972இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டவர் என்னும், எல்லோரும் அறிந்த செய்திகள் அப்படியே இருக்கின்றன. 1965 முதல் 1968 வரை அவர் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த காலத்தைப் பற்றிய இரண்டு பத்திகள் மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ‘உள்ளூர் அரசியல், தேவையில்லை’ என்று குறிக்கப்பட்டுள்ளது. அவ்விரண்டையும் மீண்டும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

முதல் பத்தி வீட்டுவேலை செய்வோரைப் பற்றியது. வேலை போனால் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த காப்பீட்டுத் தொகை அவர்களுக்குக் கிடையாது; ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் அன்றோடு சரி. அவர்களுக்கும் அது கிடைக்கச் சட்டம் கொண்டுவந்தவர் சிஸம். அவருடைய தாய் ரூபியும் பிறர் வீடுகளில் வேலை செய்தவர்தான்.

இரண்டாவது பத்தியை நீக்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிஸம் அவைக்குள் நுழைந்த நாளில், நியூயார்க்கில் புதிதாக வாக்காளராக ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பானிய நாளிதழை வரி விடாமல் படிக்கும் போர்ட்டோ ரீக்கோக்காரர், அமெரிக்கக் குடிமகனாக இருந்தும், அந்தத் தேர்வின்முன் எழுத்தறிவற்றவர். தாய்மொழியில் ஒருவர் தேர்ந்திருப்பது எழுத்தறிவின்மைக்கு அடையாளமாகாது என்று சிஸம் அங்கே வாதிட்டார். தாய்மொழி கற்பிப்பதற்கென்றே வார இறுதியில் கூடும் ஒரு பள்ளியின் மலரில், வெட்டுவதற்கு இந்தப் பத்திதானா கிடைத்தது? ‘எழுத்தறிவு’க்கு எந்த ‘ற’ என்று இருமுறை கேட்டு அவள் எழுதியது அது.

இடமில்லை என்று பதில் வரலாம். சென்ற ஆண்டு மலரில் பொன்னாடைப் படங்களுக்கு ஆறு பக்கங்கள் இருந்தன. ஒரே விருந்தினர் மூன்று பக்கங்களில் அதே சால்வையோடு சிரித்தார். மாணவர் படைப்புகளோ ஆண்டுதோறும் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒடுங்குகின்றன. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவன்று.

நீளம்தான் இடையூறென்றால் என் மகளின் படத்தை எடுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டுச் செய்தியையும் சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பத்திகளும் வேண்டும். அச்சகத்துக்கு அனுப்புமுன் திருத்திய படியை ஒருமுறை காட்டினால் நன்றியுடையவளாவேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்