நாதஸ்வரம் பேசிய படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். பழைய குடும்பப் படங்கள் இன்றும் ஓடுவதற்குக் கடந்தகால ஏக்கமே காரணம் என்று ஞாயிறு இணைப்புக் கட்டுரை கூறியிருந்தது. ‘தில்லானா மோகனாம்பா’ளையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததை ஏற்க இயலவில்லை. 1968-இல் வெளிவந்த அப்படத்தில் இசையே கதையை நடத்துகிறது. நாதஸ்வரக் கலைஞன் சண்முகசுந்தரத்தின் கர்வம், நாட்டியக் கலைஞர் மோகனாவின் பிடிவாதம், இருவரின் போட்டி, காதல் எல்லாம் நாதஸ்வரமும் சலங்கையுமாகவே நமக்குத் தெரியவருகின்றன. காயம்பட்டு மீண்டவனிடம் ஊரார் முன்னிலையில் நலம் விசாரிக்க அவளுக்கு ஆட்டத்தை விட்டால் வேறு வழியில்லை. அவள் ஆடும் ‘நலந்தானா’ பாடலை வெட்டினால் கதையே அறுந்துவிடும். எங்கள் பகுதித் திருமண வரவேற்புகளில் ‘நலந்தானா’ வாசிக்கச் சொல்லி நாதஸ்வரக்காரரிடம் வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் படம் வந்தபோது பிறக்காதவர்கள். அவர்களுக்கு எந்தக் கடந்தகால ஏக்கம்?

சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசனின் விரல்களையும் கன்னங்களையும் வியக்கிறோம். உண்மையில் வாசித்த மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி பெயர்களை எத்தனை பேர் அறிவர்? இப்படத்தை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகள் நாதஸ்வரப் பகுதிகளின் நடுவே விளம்பரம் புகுத்தாமல், அப்போது வாசித்தவர்களின் பெயர்களைத் திரையின் கீழே காட்டலாம். தங்கள் இணைப்பிதழும் அத்தகைய பின்னணிக் கலைஞர்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், கும்பகோணம்