டிசைன் படிக்கும் தங்கை மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பாடக்குறிப்பைப் படித்தேன். டிசைனின் அடிப்படை விதிகளை பேலன்ஸ் (சமநிலை), கான்ட்ராஸ்ட் (வேறுபாடு), ரிதம் (தாளம்), எம்பசிஸ் (அழுத்தம்), மூவ்மென்ட் (ஓட்டம்), ப்ரொப்போர்ஷன் (அளவு விகிதம்), யூனிட்டி (ஒருமை) என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. பதில் அந்தப் பட்டியலில் கிடைக்காது, மாமல்லபுரத்தில் கிடைக்கும். சென்னையில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் டிசைன் படிக்கக் கூடாது.

அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தைத்தான் சொல்கிறேன். பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கு இப்போது நமக்கு வேண்டாம். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் செதுக்கியது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள்: தேவர், முனிவர், வேடர், நாகர், யானை, சிங்கம், மான். இத்தனை பேரை ஒரே பரப்பில் நிறுத்தினால் சந்தைக்கடை போல ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏன் என்று நின்று பார்.

அங்கே இருப்பது உண்மையில் அடுத்தடுத்த இரண்டு பாறை முகங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, இயற்கையாக அமைந்தது. வழவழப்பான ஒரே பாறையைத் தேடிப் போகிறவர்கள் அதைக் குறை என்று ஒதுக்கியிருப்பார்கள். பல்லவச் சிற்பிகள் அந்தப் பிளவையே ஆறாக்கிவிட்டார்கள். அதற்குள் படம் விரித்த நாகராஜனும் நாகினியும் கைகூப்பியபடி இருக்கிறார்கள். மேலே தொட்டி கட்டி, விழா நாட்களில் பிளவு வழியாக நீர் இறங்கவிட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் பார். பறந்து வரும் தேவர்கள், கின்னரர்கள், யானைகள் என்று பெரும்பாலான உருவங்கள் அந்த ஆற்றை நோக்கியே வருகின்றன. உன் கண் எந்த மூலையில் விழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் நடுவுக்கு வந்து சேரும். எம்பசிஸ், மூவ்மென்ட், யூனிட்டி என்று நீ தனித்தனியாகப் படித்த மூன்றும் பிளவை ஆறாக்குவது என்ற அந்த ஒரே தீர்மானத்திலிருந்து வந்தவை. வெள்ளைத் தாள் முன்னால் உட்காரும்போது நீயும் அங்கிருந்தே தொடங்கு. எங்கே காலியாக விடப் போகிறாய் என்பதை முதலில் தீர்மானி. மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

பேலன்ஸ் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. கோலத்தில் அது சரி, இங்கே அப்படி இல்லை. வலப்பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கிட்டத்தட்ட நிஜ அளவு யானைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முன்னால் நிற்கும் களிற்றின் உடம்பில் நுணுக்க வேலை எதுவும் இல்லை. பெரிய, அமைதியான, வழுவழுப்பான பரப்பு. அதன் காலடியில் குட்டிகள். இடப்பக்கத்தில் அந்த அளவுக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. சின்னச் சின்ன உருவங்கள் நெருக்கமாக: ஒரு சிறிய கோயில், அதைச் சுற்றித் தவசிகள், மேலே ஒற்றைக்காலில் நிற்கும் முனிவரும் வரம் தரும் சிவனும். பெரிய அமைதி ஒரு பக்கம், சிறிய பரபரப்பு மறுபக்கம். எடை சமமாகிவிட்டது. கிழக்குப் பார்த்த பாறை என்பதால் காலையில் வெயில் அடிக்கும்போது களிற்றின் தும்பிக்கையும் கால்களும் நிழலோடு தனியாகத் தெரியும். கான்ட்ராஸ்ட்டுக்கு நிறமே வேண்டாம், வெட்டின் ஆழம் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் யானையின் காலருகே இருக்கிற பூனை. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. விலா எலும்பு தெரிகிறது. சுற்றி எலிகள். இடப்பக்கம் மேலே தவம் செய்யும் முனிவரைப் பார், அதே கோலம்: தூக்கிய கைகள், ஒட்டிய வயிறு, விலா எலும்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிதாகவும் மேலேயும் சொன்னதை, இந்தப் பக்கம் சிறிதாகவும் கீழேயும் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பக்தி, இங்கே போலிச் சாமியார். ரிதம் என்றால் இதுதான். ஒரு வடிவத்தை மறுபடி கொண்டுவரும்போது அது புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டிசைனில் ஒரே பூவை நாலு மூலையிலும் காப்பி-பேஸ்ட் செய்வதற்கு முன்னால் அந்தப் பூனையை நினைத்துக்கொள்.

ப்ரொப்போர்ஷனுக்கு மட்டும் நீ சுவாமிமலைக்குப் போக வேண்டும். அங்கே வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடிப்பதற்கு முன் தென்னை ஓலை நறுக்கை எடுத்துச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவுகளைக் குறிக்கிறார்கள். உத்தம தச தாலம் என்ற சிற்ப அளவு முறையில் முழு உயரம் 124 பாகம். சிலை ஒரு அடியாக இருந்தாலும் ஆறு அடியாக இருந்தாலும் அதே 124 பாகம்தான், அங்குலக் கணக்கு கிடையாது. கண், மூக்கு, தோள் எல்லாம் அந்தச் சிலையின் சொந்த உயரத்திலிருந்தே பிறக்கின்றன. நீ போஸ்டரில் தலைப்புக்கு 72, கீழே 40, அதற்குக் கீழே 33 என்று மனம்போனபடி எழுத்தளவு வைத்திருந்தாயே, அங்கே இல்லாதது இந்த ஓலைதான். முதலில் பத்தியில் வரும் சாதாரண எழுத்தின் அளவை முடிவு செய். மற்ற அளவுகளை அதன் மடங்காக வை.

அப்புறம், தமிழில் வேலை செய்யும்போது இரண்டு விஷயம். நம் எழுத்தில் கேப்பிடல் கிடையாது. ஆங்கிலப் போஸ்டரில் சத்தம் போட உதவும் அந்த வழி நமக்கு இல்லை. அளவு, தடிமன், சுற்றி விடும் இடம், இந்த மூன்றை வைத்துத்தான் அழுத்தம் கொடுக்க முடியும். இரண்டாவது, கீ-யின் கொக்கி மேலே ஏறும், பு-வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரி வாலும் கீழ்வரி கொக்கியும் முட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். கூடுதலாக இடம் விடு. அச்சகத்தில் இடம் வீணாகிறது என்பார்கள், கேட்காதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடி. கூட்டம் வருவதற்குள் போய்விடலாம். போனில் படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள். நோட்டில் முதலில் பிளவை மட்டும் ஒரு கோடாக வரை, பிறகு இரண்டு பக்கத்து எடையையும் வெறும் கட்டங்களாகப் போடு, முகமோ நகையோ வேண்டாம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் எது பெரிது, எது கருப்பு, எது காலி என்பது மட்டும் மிஞ்சும். அதை வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா