வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: சனிக்கிழமை இங்கிலீஷ் வாசிப்பு பத்தி

எல்லாருக்கும் வணக்கம். செயலாளர்ங்கற முறையில நம்ம கிளை நூலக வாசகர் வட்டத்தோட இந்த வருஷ அறிக்கைய வாசிக்கறேன். வரவு செலவ பொருளாளர் சார் தனியா வாசிப்பார். நூலக வார விழா, பொங்கல் பட்டிமன்றம் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, மைக் செட்டும் வழக்கம்போல பாதில நின்னுச்சு, அதையெல்லாம் விட்டுடறேன். இந்த வருஷம் நிஜமா பேச வேண்டியது சனிக்கிழமை சாயங்கால இங்கிலீஷ் கதை வாசிப்பு பத்திதான்.

போன பொதுக்குழுல நான் ஃபிஜி தீவு விஷயத்த சொன்னப்ப பாதி பேர் சிரிச்சீங்க. மறந்தவங்களுக்காக இன்னொரு தடவ சொல்லிடறேன், கரும்பு வெட்ட நம்ம ஆளுங்கள கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்களே அதே ஃபிஜிதான். 1980ல வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அங்க 12 கிராமத்து ஸ்கூல எடுத்துக்கிட்டு, எட்டு ஸ்கூல்ல நாலாவது அஞ்சாவது பசங்களுக்கு 250 கதைப் புத்தகம்னு எறக்கி தினமும் 20, 30 நிமிஷம் கதையிலயே விட்டாங்க, மிச்ச நாலு ஸ்கூல்ல வழக்கமான இங்கிலீஷ் பாடம். ஒரு வருஷத்துல கதை படிச்ச பசங்களோட வாசிப்பு ரெண்டு மடங்கு வேகத்துல ஏறியிருந்துச்சு, ரெண்டாவது வருஷம் அது இலக்கணம், எழுத்துன்னு மத்ததுலயும் தெரிஞ்சுச்சு. யாரும் தனியா இலக்கணம் நடத்தி வந்ததில்ல அது.

இத கேட்டுட்டு நாம ஆரம்பிச்சோம், ஆரம்பமே சொதப்பல். யாரோ தானமா குடுத்த தங்க எழுத்து போட்ட தடி தடி கிளாசிக் புக்க எடுத்து ஆளுக்கு ஒண்ணு நீட்டினோம், மூணு சனிக்கிழமை எல்லாரும் முதல் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க, நாலாவது வாரம் பாதி பேர காணோம். அதுக்கு மேல நான் ஒரு ஐடியா பண்ணேன் (தப்பு என்னோடது, ஒத்துக்கறேன்), பக்கத்துக்கு அஞ்சு புது வார்த்தைய நோட்டுல எழுதி அர்த்தமும் எழுதணும்னு. அப்பதான் ஒன்பதாவது படிக்கற ஒரு பையன் நோட்ட கொண்டு வந்து மேசைல வச்சுட்டு, "அங்கிள், நாய் தொலைஞ்சு போன எடத்துல நிறுத்தி 'ஷிவர்'னா என்னன்னு எழுதச் சொல்றீங்க, நாய் கெடைச்சுதா இல்லையான்னு பாத்துட்டு வந்து எழுதறேனே"ன்னான். எனக்கு பதிலே வரல. அன்னிக்கே நோட்டு கான்சல். நாய் கெடைச்சுதுன்னு மறுவாரம் வந்து அவனே சொன்னான், ஷிவர்னா நடுங்கறதுதானேன்னும் சொன்னான், மழைல நனைஞ்ச நாய் வேற என்ன பண்ணும்.

அப்புறம்தான் கிரேடட் ரீடர் வாங்கினோம். தெரியாதவங்களுக்கு, இவ்வளவு வார்த்தைக்குள்ளதான் கதைன்னு அளவு வச்சு எழுதற புக்கு. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசைல முதல் நிலைக்கு 400 அடிப்படைச் சொல், ஆறாவது நிலைக்கு 2500. வெள்ளைக்கார சமாச்சாரம்னு ஒரு உறுப்பினர் மூஞ்ச சுளிச்சார், ஆனா இதுல முன்னோடியான மைக்கேல் வெஸ்ட் டாக்காவுல வாத்தியாரா இருந்தவர், 1920கள்ல வங்காளத்துப் பசங்க படிக்கணும்னுதான் இந்த மாதிரி எளிமையான ரீடருங்கள போட்டார்.

விதின்னு பெருசா இல்ல. ஒரு பக்கம் படிக்கும்போது தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கு, அஞ்சும் மடங்கிடுச்சுன்னா அந்த புக்க வச்சுட்டு லேசா ஒண்ணு எடு. இது சும்மா சொல்றதில்ல, நூத்துக்கு 98 வார்த்தை தெரிஞ்சிருந்தாதான் உதவி இல்லாம கதை ஓடும்னு பால் நேஷன் மாதிரி மொழி ஆராய்ச்சியாளருங்க கணக்கு சொல்றாங்க, 250 வார்த்தை பக்கத்துக்கு அது சரியா அஞ்சு விரல். போரடிச்சா பாதில விடலாம். டெஸ்ட் கிடையாது.

தையல் கடை வச்சிருக்கற நம்ம அக்கா முதல் நிலைல ஆரம்பிச்சு இப்ப மூணாவதுல நிக்கறாங்க. மெஷின் மேலயே புக்கு, பாபின் மாத்தற நேரத்துல நாலு வரி. கொலை பண்ணது யாருன்னு தெரியாம ஒரு ஜாக்கெட்டுக்கு கை மாத்தி வச்சு தச்சுட்டாங்களாம், அதுக்கு வட்டம் பொறுப்பேற்க முடியாது.

எல்லாம் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். கண்ணால மட்டும் படிக்கறதுல உச்சரிப்பு வராது. தீவு பத்தின கதைய முழுசா புரிஞ்சு படிச்ச பொண்ணு அத கடைசி வரைக்கும் "இஸ்லாண்ட்"னுதான் சொல்லிட்டிருந்துச்சு. இதுக்காக ஆடியோ கூட வர்ற புக்கு சிலது வாங்கணும், தீர்மானமா வைக்கறேன். பேச்சும் தானா வந்துடாது, அதுக்கு பேசித்தான் ஆகணும். அப்புறம் "கதை படிச்சா மார்க் வருமா"ன்னு வந்த பெற்றோர்கிட்ட இந்த மாசமே வரும்னு நான் வாக்கு குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். ரெண்டு பேர் பிள்ளைய நிறுத்திட்டாங்க, அதுல ஒண்ணு இன்னும் அப்பாவுக்கு தெரியாம புக்கு எடுத்துட்டுப் போகுது, யாருன்னு கேக்காதீங்க.

கடைசியா, எட்டு புக்கு திரும்பி வரல. மூணாவது அலமாரி பக்கத்துல ஒரு அட்டப்பெட்டி வச்சிருக்கோம், சத்தமில்லாம போட்டுட்டுப் போயிடுங்க. புது நிர்வாகிகள் தேர்வு டீக்கு அப்புறம்.