மெகாபிட்டை எட்டால் வகு

தருமபுரி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பையன் கேமரா வாங்கியதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வந்து 4கே எடுக்கப்போகிறான் என்றால், மெமரி கார்டு வாங்கும் முன் இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு.

கார்டின் மேல் பெரிதாக 200 எம்பி (மெகாபைட்) என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது கணினிக்கு இறக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது இடைவிடாமல் எழுதும் வேகம். கார்டில் வி30 என்று போட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். வி60, வி90 என்பவையும் அதே கணக்குதான். ஆனால் கேமரா மெனுவில் பிட்ரேட், அதாவது விநாடிக்குப் பதியும் தரவின் அளவு, மெகாபிட்டில் இருக்கும். எட்டால் வகுக்கணும். 100 மெகாபிட் என்பது வெறும் 12.5 மெகாபைட், அதற்கு வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட். அங்கே வி30 போட்டால் சில விநாடியில் பதிவு நின்றுவிடலாம், பழி கேமராவுக்குப் போகும்! வி60, வி90 கார்டின் பின்னால் இரண்டு வரிசை பின் இருக்கும். கேமராவின் ஸ்லாட்டும் அந்த இரண்டு வரிசை வகையான யுஎச்எஸ்-2 ஆக இருந்தால்தான் அந்த வேகம் வரும்.

100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 200-ல் 90. ஒரே 512 ஜிபி கார்டை விட 128 ஜிபி நாலு நல்லது. ஒன்று போனாலும் நாள் முழுக்க எடுத்தது எல்லாம் போகாது.

அருவிதான் கேமராவுக்குச் சரியான சோதனை. நுரையும் சாரலும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால், பிட்ரேட் குறைந்தால் தண்ணீர் கட்டம் கட்டமாகக் கரைந்துபோகும். இருப்பதில் அதிகமான பிட்ரேட்டை வைக்கச் சொல். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் அடியிலும் மினுக்காது. தண்ணீரை மெதுவாகக் காட்ட 50 ஃப்ரேம், ஷட்டர் 1/100.

உச்சி வெயிலில் 1/50, எஃப்4, ஐஎஸ்ஓ 100 என்றாலே ஐந்து ஸ்டாப் வெளிச்சம் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). வெளிச்சத்தை 32-ல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி32 ஃபில்டர் இல்லாமல் நுரை வெளுத்துப்போகும். லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) வைத்து ஐஎஸ்ஓ 800-க்குப் போனால் எட்டு ஸ்டாப், அதாவது என்டி256. 10 பிட் நிற ஆழத்தில் பதியாத கேமராவில் லாக்கைத் தொடவே வேண்டாம், வானம் பட்டை பட்டையாக வரும்.

சந்தையில் மலிவாக வரும் 1 டிபி கார்டு பெரும்பாலும் போலி. உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் எழுதுவது போலக் காட்டும், கோப்பு இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சரிபார்த்த பிறகே எடுத்துவரச் சொல். ஃபார்மேட் கேமராவிலேயே செய்யட்டும். பதிவு விளக்கு அணைவதற்குள் பேட்டரியைக் கழற்றினால் கோப்பு முடிவுறாமல் திறக்காது. பரிசலில் உட்கார்ந்துகொண்டு கார்டு மாற்றவே கூடாது.

கர்நாடகத்தில் மழை வலுத்து நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். கிளம்புமுன் ஒரு போன் பண்ணு. வரும்போது கிருஷ்ணகிரி மாங்காய் கொஞ்சம் கொண்டுவா, ஊறுகாய்க்கு.

அன்புடன்,
மணி