படுகளப் பகலைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து இந்தக் கோடையிலும் படுகளம் (மண்ணால் செய்த துரியோதனனைப் பீமன் தொடையில் அடித்து வீழ்த்தும் கடைசி நாள் காட்சி), தீமிதியோடு நல்லபடியாக முடிந்தது. பதினெட்டாம் போருக்கு வேஷம் கட்டியவர்களுக்குப் பந்தலிலேயே மாலை போட்டாயிற்று. இந்த மடல், கடைசி நாள் காலை முதல் பொழுது சாயும்வரை செய்யாற்று வெயிலில் விழாவைத் தாங்கிய மற்றவர்களுக்கு.

முதலில் மண் வேலைக்காரர்கள். மல்லாந்து கிடந்த 42 அடித் துரியோதனன் உருவத்துக்கு 10 டிராக்டர் மண் பிடித்தது. வெறும் ஏரிக்களி காயும்போது சுருங்கி, மார்பில் பாளம் பாளமாக வெடிக்கும். மணல் கூடினால் தோள் சரியும். மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு மணல், அதோடு விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் என்று கலந்து மிதித்தார்கள். கை கால்கள் முதல் நாள், மார்பும் முகமும் மறுநாள். இடையில் ராத்திரி முழுக்க ஈரச்சாக்கு போட்டு மூடியதால்தான் பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டின. சுண்ணாம்பும் காவியும் மேல் ஈரம் வற்றிய பிறகே பூசப்பட்டன. அவசரப்பட்டிருந்தால், மண் இறுகும்போது பூச்சு அப்பளமாக உரிந்திருக்கும். பீமன் அடிக்கும்போது ரத்தமாக வழிய, தொடைக்குள் வைக்கும் குங்கும நீர்க் கலயத்துக்கு நாலு விரல் மண்தான் மூடி. ஆழமாகப் புதைத்தால் பீமன் எத்தனை அடி அடித்தாலும் உடையாது. மேலாக வைத்தால் யார் மிதித்தாலும் உடைந்துவிடும். காலை 7 மணிக்கே வயிற்றில் ஏறிச் செல்ஃபி எடுத்த தம்பிகளுக்கு இந்த மடலில் இடமில்லை.

மேளக்காரர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. விடிய விடிய வாசித்துவிட்டு வெயிலிலும் வாசிப்பது லேசான காரியமல்ல. ஆர்மோனியத்தின் சுருதி அப்படியே நிற்கும்; வெயில் பட்ட மிருதங்கத்தின் வலந்தலைச் (வலப்பக்கத் தோல்) சுருதியோ மேலே ஏறிக்கொண்டே போகும். இடந்தலையில் அப்பிய ரவை காய்ந்து உதிரும். முகவீணை என்னும் சிறு குழலின் சீவாளியும் (ஊதும் நாக்கு) உலர்ந்தால் பிசிறடிக்கும். இவர்களுக்காகக் களத்தின் ஓரத்தில் 10 அடிக்கு 8 அடி கீற்றுக்கொட்டகை போட்டு, மேற்குப் பக்கம் தட்டி கட்டிய அண்ணன்மாருக்கு நன்றி. தகரம் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். பம்பைக்காரர்களுக்கு இந்த நிழலும் இல்லை, அம்மனோடு நடந்துகொண்டே அடித்தார்கள்.

மோர்ப்பந்தல் அக்காமாரை மறக்க முடியாது. 40 லிட்டர் தயிர், 160 லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் விடியலிலேயே கலக்கி வைத்தால் 11 மணிக்குப் புளித்துவிடும். அதனால் தயிரைக் குளிரில் வைத்து, மணிக்கு ஒரு பானை என்று கடைந்தார்கள். மீன் வண்டிக்குப் போகும் ஐஸ் கட்டி மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் சொன்னபோது ஒரே குரலில் மறுத்தார்கள். அது குடிதண்ணீரில் செய்ததென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பானைகளை ஈர மணலில் உட்கார்த்தி, காற்றோட்டமான நிழலில் வைத்ததே போதுமானதாக இருந்தது. வியர்வையில் உப்பும் போகும் என்பதால், உபவாசம் இருந்த தீமிதிக்காரர்களைத் தேடிப்போய்க் கொடுத்ததற்குத் தனி நன்றி.

தீமிதிக்கான பூக்குழி ஆட்கள் விறகை ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிப் பார்த்து வாங்கினார்கள். இடித்த வீட்டுச் சட்டங்களில் ஆணி இருக்கும். கட்டை எரிந்துபோனாலும் ஆணி தணலுக்குள்ளே கிடக்கும். 18 அடிக்கு 6 அடிக் குழிக்கு ஒன்றரை டன் புளிய விறகும் வேல விறகும். நண்பகலில் மூட்டி, 5 மணிக்குக் கொள்ளிகளை அடித்து நொறுக்கி, வேகாத கட்டைகளை இழுத்துப் போட்டு, தணலைச் சமமாகப் பரப்பினார்கள். குழியின் நடுவில் மட்டுமல்ல, கரையேறும் இடத்திலும் காயம்படலாம். முன்னால் போனவர், கரையில் கால் நனைக்கும் பால்குழியில் நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர் தணலில் நிற்க வேண்டிவரும். இருபுறமும் நின்று, ஏறியவரைக் கைப்பிடித்து உடனே விலக்கிக்கொண்டே இருந்த எட்டுப் பேருக்கும், ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவரை இறக்கிய பூசாரி ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

திரௌபதியின் கூந்தல் முடிப்புக்கு மல்லியை வாழையிலையில் ஈரமாகப் பொதிந்து வாடாமல் கொண்டுவந்த பூக்காரம்மா, களத்துக்கு நிலம் விட்ட குடும்பம், 108 வண்டி ஊழியர்கள், மறுநாள் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

நெல் குதிருக்கும் கழனிக்கும் படுகளத்து மண் வேண்டுவோர் ஞாயிறு வரை எடுத்துக்கொள்ளலாம், சாக்கு நீங்களே கொண்டுவர வேண்டும். எனாமல் பெயின்ட் கலக்கவில்லை, பயப்படாமல் போடலாம். மோர்ப்பானை 14 வந்ததில் 12தான் திரும்பியிருக்கிறது. மீதி இரண்டையும் பற்றி நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். கோயில் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்